பனி, கிரவல், ட்ரக்டர்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

ரொறன்ரோவை விட்டு ஒரேஞ்ச்வில், பாரி, லிண்ட்சி, பீற்றர்பரோ பக்கம் காணியோடு வீடு வாங்கிப் போனவர்களிடமிருந்து வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே விடயம்: வீதியிலிருந்து வீட்டு வாசல்வரை கிரவல் ட்ரைவ்வே, அதில் கொட்டிக் கிடக்கும் பனி, அதைத் தள்ள ஒரு ட்ரக்டர். இம்முறை அவற்றுக்கு மட்டும் பதில்.

வீட்டோடு சேர்த்து 25 குதிரைவலு ட்ரக்டரும், அதன் முன்னால் பூட்டி அள்ளும் லோடர் பக்கெற்றும் கைக்கு வந்தன. ட்ரைவ்வே 80 மீற்றர். முதல் பனியிலேயே பக்கெற்றை நிலத்தோடு வைத்துத் தள்ளியதில் பனியோடு கல்லும் புல்லுக்குப் போய்விட்டது. எப்படித் தள்ளவேண்டும்?
– வாசகர், ஒரேஞ்ச்வில்

நிலம் உறைவதற்கு முன்னர் அடிமட்டம் வரை வழித்ததுதான் பிழை. தார் போட்ட ட்ரைவ்வேயில் கறுப்புத் தெரியும்வரை வழிக்கலாம். கிரவலில் கல் தெரியும்வரை வழித்தால் அந்தக் கல்லும் கூடவே வரும். இங்கே செய்யவேண்டியது வேறு: கல்லுக்கு மேல் மூன்று, நான்கு செ.மீ. பனியை வேண்டுமென்றே விட்டு, அதை இறுக்கி, குளிர்காலம் முழுவதும் அதன்மேல் ஓடுவது.

முதல் பனி 5 செ.மீ.க்குள் என்றால் ட்ரக்டரை வெளியே எடுக்கவே வேண்டாம். காரை நாலைந்து தடவை மேலும் கீழும் ஓட்டுங்கள். ஒவ்வொரு தடவையும் சக்கரத்தடத்தை ஒரு ரயர் அகலம் தள்ளி வையுங்கள். இரவில் மைனஸ் 5, 6 பாகைக்கு இறங்கினால் அந்தப் பனி கல்லைப் பிடித்துக்கொண்டு இறுகிவிடும். முதல் பனியே 20 செ.மீ. கொட்டினால் மேலே உள்ள 15ஐத் தள்ளிவிட்டு மிச்சத்தை இறுக்குங்கள். இரண்டாம், மூன்றாம் பனிக்குப் பிறகு உங்கள் பக்கெற் கல்லைத் தொடவே தொடாது.

இனி பக்கெற்றைப் பிடிக்கும் விதம். அடித்தட்டு மட்டமாக இருந்தால் வெட்டு விளிம்பு கல்லுக்குள் புகும். விளிம்பைக் கொஞ்சம், ஐந்து முதல் பத்துப் பாகை வரை, மேலே நிமிர்த்துங்கள். பக்கெற்றின் குதிப்பக்கம் நிலத்தில் சறுக்கட்டும். லோடர் லீவரை முன்னே முழுக்கத் தள்ளினால் ‘ஃபுளோட்’ நிலையில் விழும். அப்போது பக்கெற் தன் பாரத்தில் மட்டும் நிலத்தின் மேடுபள்ளத்துக்கு ஏற்ப ஏறி இறங்கும். லீவரால் கீழே அழுத்திக்கொண்டு தள்ளினால் முன்சக்கரங்கள் தூக்கப்பட்டு ஸ்டியரிங் கேட்காமல் போகும், கல்லும் வரும்.

கராஜ் கதவடியில் முன்னே தள்ள இடமிருக்காது. அங்கே பக்கெற்றைக் கவிழ்த்துப் பின்னோக்கி இழுக்கலாம். ஆனால் முழுவதும் கவிழ்க்காதீர்கள். பக்கெற்றைக் கவிழ்க்கும் சிலிண்டர்களின் தண்டு அப்போது முழு நீளத்துக்கு வெளியே நீண்டிருக்கும். உறைந்த கல் ஒன்றில் விளிம்பு மாட்டினால் தண்டு வளைந்துவிடும். 45 பாகைக்கு மேல் சாய்க்காமல், ஃபுளோட்டில், நடை வேகத்தில் இழுங்கள்.

இன்னொன்று: பனியைப் பக்கெற்றில் அள்ளிக் கொண்டுபோய்க் கொட்டலாம் என்று நினைக்கவேண்டாம். 80 மீற்றர் நீளம், 3.5 மீற்றர் அகலம், 20 செ.மீ. பனி என்றால் 56 கன மீற்றர். உங்கள் அளவு ட்ரக்டரின் பக்கெற் ஒரு தடவைக்கு 0.17 கன மீற்றர் அளவில்தான் கொள்ளும். கணக்குப் பார்த்தால் 330 தடவை! பாரமும் கொஞ்சமல்ல. புதிதாக விழுந்த பனி கன மீற்றருக்கு 100 கிலோ என்றால் 5.6 தொன். அதுவே மார்ச் மாதத்து ஈரப்பனி, 300 கிலோ என்றால் 16.8 தொன். அள்ளுவதைக் கராஜ் வாசலுக்கும் மூலைக்கும் வைத்துக்கொண்டு, மற்ற இடமெல்லாம் பக்கவாட்டில் தள்ளுங்கள்.

தள்ளும்போது தொடக்கத்திலேயே அகலமாகத் தள்ளவேண்டும். டிசம்பரில் ட்ரைவ்வே விளிம்போடு கரை கட்டினால், ஜனவரியில் கரை உள்ளே வரும், பெப்ரவரியில் கார் கதவைத் திறக்க இடம் இராது. இரு பக்கமும் ஒரு மீற்றராவது தாண்டித் தள்ளுங்கள். அம்புலன்ஸும் புரொப்பேன் லொறியும் வந்துபோக முழு 3.5 மீற்றரும் கடைசிவரை திறந்திருக்கவேண்டும்.

விளிம்பு எது என்று பனியில் தெரியாது. நிலம் உறையுமுன், நவம்பர் நடுப்பகுதிக்குள், நாலடிக் கண்ணாடியிழைக் குச்சிகளை ஐந்து மீற்றருக்கு ஒன்றாக இரு பக்கமும் நடுங்கள். மதகின் இரண்டு முனைக்கும், கிணற்றுத் தலைக்கும், புரொப்பேன் தாங்கிக்கும் வேறு நிறத்தில் குச்சி வைத்தால் நல்லது.

பக்கெற் விளிம்பில் இரும்புக் குழாய் மாட்டினால் கல் வராது என்கிறார்கள். உண்மையா? எப்படிச் செய்வது?
– வாசகர், லிண்ட்சி

உண்மை. கிரவல்காரர்களுக்கு இதைவிட மலிவான உதவி இல்லை. கூரான விளிம்புக்குப் பதிலாக உருண்டை விளிம்பு நிலத்தில் உருளாமல் சறுக்கிப் போகிறது. பனி முன்னே குவிகிறது, கல் அடியில் கிடக்கிறது.

இரண்டரை அல்லது மூன்று அங்குலத் தடித்த சுவர்க் குழாய் எடுங்கள். நீளம் பக்கெற்றின் அகலத்துக்குச் சரியாக இருக்கட்டும். நீளவாக்கில் ஒரு பிளவு வெட்டவேண்டும். வெட்டு விளிம்பின் தடிப்பைக் கலிப்பரால் அளந்து, அதைவிட இரண்டு மி.மீ. கூட வையுங்கள். சின்ன ட்ரக்டர்களில் இந்தத் தடிப்பு பெரும்பாலும் 10 முதல் 13 மி.மீ. வரை இருக்கும், ஊகித்து வெட்டவேண்டாம். குழாய்க்குள் உற்பத்தியின்போது தங்கிய இறுக்கம் இருப்பதால், வெட்ட வெட்டப் பிளவு சுருங்கலாம், அல்லது விரியலாம். அதனால் ஒரே மூச்சில் வெட்டாமல், அரையடிக்கு ஒரு சின்னப் பாலம் விட்டு வெட்டிக்கொண்டுபோய், கடைசியில் பாலங்களை அறுப்பதே நல்ல வழி.

மாட்டும்போது விளிம்பு குழாயின் உள்சுவரில் போய் முட்டவேண்டும். முட்டாமல் நடுவில் நின்றால் குழாய் ஆடும், பிளவு விரியும். இரு முனையிலும் காதுபோல் ஒரு தகட்டை வெல்டிங்கால் ஒட்டி, பக்கெற்றின் பக்கச்சுவரில் அரை அங்குல போல்ற் போட்டு இறுக்குங்கள். பக்கெற்றில் துளையிட மனமில்லாவிட்டால் காதிலிருந்து பக்கெற்றின் முதுகுக்குச் சங்கிலி போட்டு இறுக்கலாம். அரை மணி நேரத்தில் ஒரு தடவை பார்த்து மீண்டும் இறுக்கவேண்டும். குழாயின் திறந்த முனைகளைத் தகடு வைத்து ஒட்டி மூடுங்கள். இல்லாவிட்டால் அது கல்லையும் பனியையும் அள்ளி நிரப்பிக்கொள்ளும்.

குழாயின் குறை ஒன்று: கார் ஓடி இறுகிய பனியை அது வெட்டாது, மேலே ஏறிப் போகும். அப்படிப்பட்ட இடங்களுக்கு, நிலம் நன்றாக உறைந்த பின், குழாயைக் கழற்றிவிட்டு வெறும் விளிம்பால் வழிக்கலாம். அதனால் அதை நிரந்தரமாக ஒட்டிவிடாதீர்கள். காசு செலவழிக்கத் தயார் என்றால் பொலியூரித்தேன் விளிம்பு வாங்கிப் பூட்டலாம். கல்லில் பட்டால் வளைந்து கொடுக்கும், சத்தமும் குறைவு.

பின் பிளேட் வாங்குவதா, ஸ்னோ புளோவர் வாங்குவதா?
– வாசகி, பாரி

பனி எவ்வளவு விழும், தள்ளிய பனிக்கு எங்கே இடம் என்ற இரண்டும் தெரிந்தால் விடை வந்துவிடும்.

பின் பிளேட் என்பது ட்ரக்டரின் பின்னால் பூட்டி இழுக்கும் தகடு. அதில் கெட்டுப்போக ஒன்றும் இல்லை, விலையும் குறைவு. 25 குதிரைவலு ட்ரக்டருக்கு ஐந்தடி பிளேட் போதும். ஆனால் 30 பாகை சாய்த்தால் அது வழிக்கும் அகலம் நாலேகால் அடியாகிவிடும். உங்கள் பின்சக்கரங்களின் வெளி அகலத்தை அது மூடுகிறதா என்று பார்த்து வாங்குங்கள். மூடாவிட்டால் நீங்கள் வழித்த இடத்தின் ஓரத்தை உங்கள் ரயரே மிதித்து இறுக்கும்.

கிரவலுக்கு ஒரு சூட்சுமம் உண்டு. பிளேட்டை 180 பாகை திருப்பிப் பூட்டினால் அதன் வளைந்த முதுகு முன்னே வரும். முன்னோக்கி ஓடும்போது விளிம்பு பின்னால் இழுபட்டு, கல்லைத் தோண்டாமல் தடவிக்கொண்டு போகும். அதே நிலையில் ரிவர்ஸில் போனால் குழிந்த பக்கம் பின்னோக்கி இருப்பதால் பனியைக் குவித்துத் தள்ளவும் உதவும். ரிவர்ஸில் தள்ளும்போது மட்டும் மெதுவாகப் போங்கள். ட்ரக்டரின் பின்னால் கருவிகளைப் பூட்டும் மூன்று புள்ளி இணைப்பு இழுப்பதற்காகச் செய்யப்பட்டது. உறைந்த கரையில் வேகமாக மோதினால் பிளேட்டின் சுழல் ஊசியோ கீழ்க்கைகளோ வளையும்.

பிளேட்டின் எல்லை, இடம். பனி தள்ளப்படுகிறதே தவிரக் காணாமல் போவதில்லை. இரண்டு பக்கமும் மரமோ வேலியோ நெருக்கமாக இருந்து, பருவத்துக்கு இரண்டு மூன்று மீற்றர் பனி விழும் இடமாகவும் இருந்தால், ஜனவரி முடிவில் தள்ள இடமிருக்காது. பாரி, ஓவன் சவுண்ட், மஸ்கோகா எல்லாம் ஜோர்ஜியன் குடா, ஹியூரன் ஏரி ஆகியவற்றின் பனிப்பட்டைக்குள் வருபவை. உறையாத ஏரியின் மேல் குளிர்காற்று வரும்போது ஈரத்தை ஏற்றிக்கொண்டு கரையில் கொட்டும். 2024 நவம்பர் கடைசியில் கிரேவன்ஹேர்ஸ்ற்றில் ஒரே வார இறுதியில் ஒரு மீற்றருக்கும் மேல் கொட்டி நெடுஞ்சாலை 11 மூடப்பட்டது. அப்படியான இடத்துக்குப் புளோவரே சரி. உயரக் கரையைத் தாண்டிப் பல மீற்றர் தூரம் வீசிவிடும், கரை வளராது.

புளோவரின் அகலத்தில் அடி ஒன்றுக்கு ஐந்து குதிரைவலுவாவது பி.ரி.ஓ.வில் (எஞ்சின் வலுவைப் பூட்டிய கருவிக்குக் கொண்டுபோகும் சுழல்தண்டில்) வேண்டும். எஞ்சினில் எழுதியிருப்பதைப் பார்க்காதீர்கள், பி.ரி.ஓ. வலு அதைவிடக் குறைவு. பின்னால் பூட்டும் புளோவர் விலை குறைவு, ஆனால் முழு நேரமும் கழுத்தைத் திருப்பிக்கொண்டு ரிவர்ஸில் ஓடவேண்டும். கழுத்து வலிக்காரர்கள் முன்னால் பூட்டுவதற்குக் காசு சேர்ப்பது நல்லது.

நீங்கள் பாரியில் என்பதால் என் தெரிவு புளோவர்தான். பிளேட்டையும் பழையதாக ஒன்று எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்; ஐந்து செ.மீ. பனிக்குப் புளோவரை எடுப்பது வீண்வேலை, பனி குறைவாக இருந்தால் அது கல்லைத்தான் தேடிப் பிடிக்கும்.

புளோவரின் ஷியர் போல்ற் அடிக்கடி உடைகிறது. கடையில் பலமான போல்ற் இருக்கிறது, அதைப் போடலாமா?
– வாசகர், பீற்றர்பரோ

கூடாது. அந்தப் போல்ற் உடைவதற்கென்றே வைத்தது. அது உடையாவிட்டால் அடுத்தது கியர்பெட்டி, அல்லது பி.ரி.ஓ. தண்டு. தலையில் ஆறு கோடுள்ளது தரம் 8. மூன்று கோடுள்ளது தரம் 5. கோடே இல்லாதது தரம் 2. உங்கள் கையேட்டில் எந்தத் தரமும் நீளமும் சொல்லியிருக்கிறதோ அதையே வாங்கி, ஒரு டசின் போல்ற், சுரை, இரண்டு ஸ்பானர், ஒரு துளைக்குச்சி, சுத்தியல் எல்லாவற்றையும் ட்ரக்டரின் பெட்டியிலேயே வைத்திருங்கள். மைனஸ் 15இல் கராஜுக்கு நடந்து போய்த் தேடும் வேலை மிச்சம்.

எது உடைந்தது என்று பார்ப்பது சுலபம். உள்ளே விசிறி சுற்றுகிறது, முன்னே உள்ள திருகு சுற்றவில்லை என்றால் திருகின் போல்ற். இரண்டும் சுற்றவில்லை, பி.ரி.ஓ. மட்டும் சுற்றுகிறது என்றால் தண்டின் போல்ற்.

அடிக்கடி உடைவதற்கு உங்கள் இடத்தில் மூன்று காரணம் இருக்கலாம். முதலாவது, ஸ்கிட் ஷூ (புளோவரின் இரு பக்கமும் நிலத்தில் சறுக்கும் தகடு) மேலே ஏற்றிப் பூட்டியிருப்பதால் விளிம்பு தாழ்வாக இருக்கிறது. கல் திருகுக்கும் கூட்டுக்கும் நடுவில் இறுகுகிறது. நிலம் உறையும்வரை விளிம்பு கல்லுக்கு மேல் 25 முதல் 40 மி.மீ. உயரத்தில் நிற்கும்படி ஷூவை இறக்கி வையுங்கள். ஜனவரியில் 12 மி.மீ. போதும். ஒடுக்கமான ஷூ இளகிய கிரவலில் புதைந்துவிடும், அகலமானது வாங்கி மாட்டலாம். இரண்டாவது, பி.ரி.ஓ.வை உயர்ந்த வேகத்தில் பூட்டுவது. எஞ்சினை 1000, 1200 சுற்றில் வைத்துப் பூட்டி, பிறகு 540 குறியிட்ட சுற்றுக்கு ஏற்றுங்கள். மூன்றாவது, திருகு உறைந்திருப்பது: முதல் நாள் வேலை முடித்து அப்படியே விட்ட ஈரப்பனி இரவில் கூட்டோடு கட்டியாகியிருக்கும். வேலை முடிந்ததும் இரண்டு நிமிடம் வெறுமனே சுற்றவிட்டு உதறுங்கள்.

போல்ற்றுக்குப் பதிலாகத் தண்டில் நழுவு கிளச் (பாரம் கூடினால் நழுவிக் கொடுக்கும் கிளச்) உள்ளவர்கள், ஒவ்வொரு நவம்பரிலும் ஸ்பிரிங் சுரைகளைச் சமமாகத் தளர்த்தி, ஒரு கணம் நழுவவிட்டு, கையேட்டு அளவுக்குத் திரும்ப இறுக்குங்கள். கோடையில் துருப்பிடித்து இறுகிய கிளச் நழுவாது. இருந்தும் இல்லாததற்குச் சமம்.

ஈரப்பனி வீசுகுழலில் அடைத்தால்: பி.ரி.ஓ.வை நிறுத்தி, எஞ்சினை நிறுத்தி, திறப்பைக் கையில் எடுத்து, எல்லாம் நின்ற பிறகு தடியால் குத்துங்கள். எஞ்சின் நின்றாலும் உள்ளே முறுகிய இழுவிசை தங்கியிருக்கலாம். அடைப்பு விட்டதும் விசிறி ஒரு துள்ளுத் துள்ளும். விரல் போவது அப்படித்தான். கை வேண்டவே வேண்டாம். அடைக்காமல் இருக்க, எஞ்சின் சுற்றைக் குறைக்காமல் ஓட்ட வேகத்தை மட்டும் குறைத்து, பாதி அகலத்தில் எடுங்கள். குழலுக்குள் சிலிக்கோன் ஸ்பிரே அடித்தால் கொஞ்ச நேரத்துக்கு உதவும்.

ட்ரைவ்வேயில் ஒரு சரிவு உண்டு. நான்கு சக்கர ஓட்டம் இருந்தும் சறுக்குகிறது. சங்கிலி போடுவதா, பாரம் ஏற்றுவதா?
– வாசகர், ஓவன் சவுண்ட்

முதலில் பாரம், பிறகு சங்கிலி. முன்னே லோடரும் பக்கெற்றில் பனியும் இருக்கும்போது பின்சக்கரங்கள் இலேசாகிவிடும். உங்கள் ட்ரக்டருக்குப் பெரும்பாலும் பிரேக் பின்சக்கரத்தில் மட்டும்தான். பின்பக்கம் பிடிமானம் இல்லையென்றால் ஏறவும் முடியாது, நிற்கவும் முடியாது. பின்னால் புளோவரோ பிளேட்டோ இருந்தால் அதுவே பாரம். இல்லையென்றால் அரைப் பீப்பாய் கொங்கிறீற் 240 கிலோ வரும். சின்ன ட்ரக்டரின் மூன்று புள்ளி இணைப்புக்கு அது போதும், உங்கள் கையேட்டில் தூக்குவலுவைப் பார்த்துவிட்டு ஊற்றுங்கள்.

ரயருக்குள் திரவம் ஏற்றுபவர்கள் தண்ணீர் ஏற்றக்கூடாது, உறையும். கல்சியம் குளோரைட் கரைசல் பாரம்தான், ஆனால் கசிந்தால் ரிம்மை அரித்துவிடும். பீற்றூட் சாறு அரிக்காது, லீற்றருக்கு 1.3 கிலோ அளவில் பாரமும் உண்டு. மைனஸ் 40க்கான கண்ணாடி கழுவும் திரவம் மலிவு, பாரம் குறைவு.

சங்கிலி பின்சக்கரங்களுக்கு. குறுக்குச் சங்கிலி இரண்டு கண்ணிக்கு ஒன்றாக வருவதை வாங்குங்கள். நான்கு கண்ணிக்கு ஒன்று மலிவு, ஆனால் ஆர்-4 எனப்படும் அகலக் கட்டை ரயரின் கட்டைகளுக்கு இடையில் விழுந்து, ட்ரக்டர் குலுங்கிக் குலுங்கிப் போகும். ஏணி வடிவச் சங்கிலி முன்பின் பிடிக்கும், பக்கவாட்டுச் சறுக்கலைப் பெரிதாகத் தடுக்காது. சரிவில் பக்கச் சாய்வும் இருந்தால் வைர வடிவப் பின்னல் தேவை. மாட்டியபின் சக்கரத்தைக் கையால் ஒரு முழுச் சுற்றுக்கு நகர்த்தி, சங்கிலி மட்கார்டிலிருந்தும் லோடர் சட்டத்திலிருந்தும் இரண்டு அங்குலமாவது விலகி நிற்கிறதா என்று பாருங்கள். இருபது நிமிடம் ஓடியதும் திரும்ப இறுக்கவேண்டும். நிலம் உறையுமுன் சங்கிலி மாட்டினால் ஒரு சுழற்சியிலேயே கிரவலில் குழி விழும்.

இறங்கும்போது நான்கு சக்கர ஓட்டத்தை நிறுத்தவே கூடாது. அது பூட்டியிருந்தால்தான் பின் பிரேக்கின் பிடி முன்சக்கரத்துக்கும் போய்ச் சேரும். பனியை மேலிருந்து கீழே தள்ளுங்கள், நேராக. சரிவுக்குக் குறுக்கே வேண்டாம். உருளும்போது காக்கும் சட்டத்தை நிமிர்த்தி வைத்து, இருக்கைப் பட்டி போட்டுக்கொள்ளுங்கள். கராஜ் கூரையில் முட்டும் என்று மடித்துவைத்த சட்டத்தை நிமிர்த்த மறப்பவர்கள் பலர்.

மைனஸ் 20இல் ஸ்ரார்ட் ஆகவில்லை. பற்றரி புதிது.
– வாசகர், சட்பரி

பற்றரி புதிதானாலும் மைனஸ் 18இல் அதன் வலு பாதிக்குக் கிட்ட இறங்கிவிடும். அதே நேரம் எண்ணெய் தடித்து எஞ்சின் கூடுதல் வலுக் கேட்கும். எஞ்சினைச் சூடாக்கும் பிளொக் ஹீற்றரை மூன்று மணி நேரம் முன்பே மின்சாரத்தில் செருகுங்கள். இரவு முழுக்கத் தேவையில்லை; மலிவான நேரக்கட்டுப்பாட்டுச் செருகி அந்த வேலையைச் செய்யும்.

எஞ்சின் சுற்றியும் பிடிக்கவில்லை, அல்லது பிடித்து ஓரிரு நிமிடத்தில் நின்றுவிடுகிறது என்றால் டீசலைச் சந்தேகியுங்கள். கனடாவில் விற்பனையாளர்கள் பருவத்துக்கு ஏற்ப டீசலை மாற்றுகிறார்கள். ஆகஸ்டில் நிரப்பிய டீசல் தாங்கியில் மிச்சமிருந்தால் குளிரில் மெழுகு கட்டி வடிகட்டியை அடைக்கும். டீசலில் கலக்கும் சேர்மானத் திரவம் மெழுகு கட்டுமுன் ஊற்றினால்தான் வேலை செய்யும். கட்டியபின் ட்ரக்டரைச் சூடான இடத்துக்குக் கொண்டுபோய் வடிகட்டியை மாற்றவேண்டியதுதான். அக்டோபரில் தாங்கியைக் காலியாக்கிக் குளிர்கால டீசல் நிரப்புவது எல்லாவற்றிலும் இலகு.

ஸ்ரார்ட் ஆனதும் 1200 முதல் 1500 சுற்றில் பத்துப் பதினைந்து நிமிடம் விடுங்கள், கராஜ் கதவைத் திறந்து ட்ரக்டரை வெளியே நிறுத்தி. ஹைட்ரோலிக் எண்ணெய் இளகாமல் லோடரைத் தூக்கினால் பம்ப் சிணுங்குவது கேட்கும்.

மாநகரத்தின் பனிலொறி ட்ரைவ்வே வாயில் மலைபோல் குவித்துவிட்டுப் போகிறது. அதை வீதிக்கு மறுபக்கம் தள்ளலாமா?
– வாசகி, ஒரேஞ்ச்வில்

தள்ளக்கூடாது. ஒன்ராறியோவின் நெடுஞ்சாலைப் போக்குவரத்துச் சட்டம், பிரிவு 181: வீதிக்குப் பொறுப்பானவர்களின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் பனியையோ பனிக்கட்டியையோ வீதியில் போடக்கூடாது. வீதியைக் கடக்கும்போது சிந்தும் வரிசை இரவில் உறைந்து, வருகிற காரைத் தூக்கிப் போடும்.

குவியலைக் குறைக்க வழியுண்டு. வீட்டிலிருந்து வீதியைப் பார்த்து நில்லுங்கள். உங்கள் பக்கத்து ஓரமாக வரும் பனிலொறி இடப்பக்கத்திலிருந்து வரும். ஆகவே ட்ரைவ்வே வாயின் இடப்பக்கம், வீதியோரமாக ஐந்தாறு மீற்றர் நீளத்துக்குக் கரைப் பனியைப் பைபோல் வெட்டி வெற்றிடம் விட்டு வையுங்கள். லொறியின் தகட்டில் சேர்ந்த பனி அந்தப் பையில் விழுந்துவிடும், வாயில் விழுவது கொஞ்சம். நீங்கள் தள்ளும் பனியை வலப்பக்கம் போடுங்கள். இடப்பக்கம் போட்டால் அடுத்த லொறி அதையும் சேர்த்து உங்களுக்கே திருப்பித் தரும்.

லொறி போன ஓரிரு மணி நேரத்துக்குள் குவியலை எடுங்கள். உப்பும் சேறும் கலந்த அந்தப் பனி இறுகினால் பக்கெற் மோதி மோதித்தான் உடைக்கவேண்டும்.

கிரவலுக்கு உப்புப் போடலாமா? உறைமழைக்குப் பிறகு நடக்கவே முடியவில்லை.
– வாசகர், லிண்ட்சி

கல்லுப்பு வேண்டாம். மைனஸ் 10க்குக் கீழே அது ஏறக்குறைய வேலை செய்யாது. அதற்கு மேலே வேலை செய்தால் உருகிய உப்புநீர் கிரவலுக்குள் இறங்கி, நீங்கள் மாதக்கணக்கில் இறுக்கிய அடித்தளத்தை இளக்கும். கிணற்றுத் தண்ணீர் குடிப்பவர்களுக்கு இன்னொரு காரணமும் சொல்லத் தேவையில்லை. 6 முதல் 9 மி.மீ. உடைத்த சல்லியை, சரிவிலும் வாசலிலும் சக்கரத்தடத்திலும் மட்டும் தூவுங்கள். வசந்தத்தில் அதை வாரவும் வேண்டாம், அது கிரவலோடு சேர்ந்துவிடும். விறகடுப்புச் சாம்பலும் நல்லது, நன்றாக ஆறியதாக இருக்கவேண்டும்; சப்பாத்தில் ஒட்டி வீட்டுக்குள் வரும் என்பதை வீட்டிலுள்ளவர்களிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

பனி விழுந்து, அதன்மேல் உறைமழை வரும் என்று அறிவித்தால், மழைக்கு முன் பனியைத் தள்ளாதீர்கள். பனி மழையை உறிஞ்சும். மழை நின்றதும், வெப்பநிலை இறங்குமுன், அந்தக் கூழை எடுத்துவிடவேண்டும். தாமதித்தால் சக்கரத்தடம் தடமாக உறைந்து மார்ச்வரை அப்படியே இருக்கும்.

ஏற்கெனவே கண்ணாடியாகிவிட்டதென்றால் பெட்டிப் பிளேட்டின் (ட்ரக்டரின் பின்னால் பூட்டும், பற்கள் உள்ள பெட்டி வடிவத் தகட்டின்) பற்களை இறக்கி, ஒரு செ.மீ. ஆழத்துக்கு மட்டும் கீறுங்கள். முழுவதையும் பெயர்க்க முயன்றால் பெரிய பாளங்கள் கல்லோடு கிளம்பி வரும். கீறலுக்குள் சல்லி தங்கும்.

காற்று அடித்தால் தள்ளிய இரண்டு மணி நேரத்தில் திரும்ப நிரம்புகிறது. வேலி உதவுமா?
– வாசகர், ஓவன் சவுண்ட்

உதவும், சரியான தூரத்தில் இருந்தால். ட்ரைவ்வேக்குப் பக்கத்திலேயே வேலி போட்டால் அது பனியை ட்ரைவ்வேயிலேயே இறக்கிவிடும். காற்று வரும் பக்கத்தில், வேலி உயரத்தின் 35 மடங்கு தூரத்தில் நிற்கவேண்டும்: நாலடி வேலிக்கு ஏறத்தாழ 42 மீற்றர். பாதி வெற்றிடமான பலகை அல்லது பிளாஸ்ரிக் வலை வேலி வேண்டும், முழுச்சுவர் கூடாது. அடியில் 12 முதல் 18 செ.மீ. இடைவெளி விடுங்கள், இல்லாவிட்டால் வேலி தன் பனியிலேயே புதைந்துபோகும். பக்கத்துக் காணிக்காரர் சோளம் போடுகிறார் என்றால் இலையுதிர்காலத்திலேயே போய்க் கேளுங்கள். சில வரிசைகளை அறுக்காமல் விட்டால் அதுவே வேலி.

தள்ளும் பனியைக் காற்று போகும் பக்கத்தில் போடுங்கள். இரு பக்கமும் உயரமான கரை கட்டினால் ட்ரைவ்வே ஒரு பள்ளமாகிக் காற்றில் வரும் பனியெல்லாம் அதற்குள்தான் விழும். கரைகளின் தலையைப் பக்கெற்றால் அவ்வப்போது தட்டி, வெளியே சரித்துவிடுங்கள்.

கழிவுநீர்த் தொட்டி இருக்கும் புல்வெளியில் பனியைக் குவிக்கலாமா? இடம் நிறைய இருக்கிறது.
– வாசகி, பீற்றர்பரோ

வேண்டாம். கழிவுநீர்க் குழாய்கள் ஓடும் நிலத்தில் கலையாமல் கிடக்கும் பஞ்சுப் பனி குளிரை உள்ளே விடாது. ட்ரக்டர் மிதித்து இறுக்கிய பனியினூடே குளிர் ஆழமாக இறங்கிக் குழாய் உறையும். வீட்டுச் சுவரில் உள்ள ஃபேர்னஸ் புகைக்குழாய், புரொப்பேன் அழுத்தச்சீராக்கி ஆகியவற்றுக்கும் கிட்டப் போடாதீர்கள். புகைக்குழாய் அடைந்தால் கார்பன் மொனொக்சைட் வீட்டுக்குள் வரும்.

எல்லாம் கவனமாகச் செய்தும் புல்லில் கல் கிடக்கிறது. ஏப்ரலில் என்ன செய்வது?
– வாசகர், ஒரேஞ்ச்வில்

கொஞ்சம் போகத்தான் செய்யும். மார்ச்சில் பனி இளகும்போதே வேலை தொடங்குகிறது. தாழ்ந்த இடங்களில் கரையை வெட்டி, உருகும் தண்ணீர் பக்கவாய்க்காலுக்கு ஓட வழி விடுங்கள். மதகின் வாயைத் திறந்துவிடுங்கள். மேல் நிலம் இளகி அடி உறைந்திருக்கும் அந்த இரண்டு மூன்று வாரம் பாரமான லொறியை உள்ளே விடாதீர்கள். தண்ணீர் கீழே இறங்க வழியில்லாததால் கிரவல் களியாக இருக்கும், தடம் ஒரு அடி ஆழத்துக்கு விழும்.

புல் வளருமுன், நிலம் காய்ந்ததும், கல்லைப் புல்வாரியால் ட்ரைவ்வேக்குத் திருப்பி வாருங்கள். புல்வெட்டும் இயந்திரம் அந்தக் கல்லைக் கண்டால் யன்னலுக்குத்தான் எறியும்.

பிறகு கிரவலைச் சீர்படுத்துவது. முழுக்கக் காய்ந்த நாளிலும் சேறான நாளிலும் வேண்டாம். மழை பெய்து ஒன்றிரண்டு நாள் கழித்து, ஈரம் இருக்கும்போது, பெட்டிப் பிளேட்டின் பற்களை ஐந்து செ.மீ. இறக்கிக் கிளறி, ஓரத்திலிருந்து நடுவுக்கு இழுங்கள். நடு உயர்ந்து இரு பக்கமும் நூற்றுக்கு நான்கு சரிய வேண்டும்; 3.5 மீற்றர் அகலத்துக்கு நடு ஓரத்தைவிட 7 செ.மீ. உயரம். நூல் பிடித்துப் பார்த்தால் தெரியும். புதுக் கிரவல் தேவைப்பட்டால், உங்கள் 80 மீற்றருக்கு 25 மி.மீ. தடிப்பில் 7 கன மீற்றர், இறுக்கிய நிலையில் 15 தொன் அளவில் வரும். தூளோடு கலந்த முக்கால் அங்குலக் கல்லைக் கேளுங்கள். கழுவிய உருண்டைக் கல் எவ்வளவு இறுக்கினாலும் பிடிக்காது, அடுத்த டிசம்பரில் முழுவதும் பக்கெற்றோடு வந்துவிடும்.